நாலரைக் கட்டையில் ஒரு லாலி: ரிசெப்ஷன் பியானோ ஒன்றின் நிகழ்வு ஆய்வு

போன கார்த்திகையில் என் பழைய மாணவி ஒருத்திக்குக் கல்யாணம். ஏழு வயதில் என்னிடம் பியானோ கற்க வந்தவள். டிரினிட்டி இசைத் தேர்வில் எட்டாவது கிரேடு வரை முடித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். பத்திரிகை அடிப்பதற்கு முன்பே அவள் அப்பா போன் செய்தார். "மிஸ், ரிசெப்ஷனுக்கு லைட் மியூசிக் வேண்டாங்கறா பாப்பா. பக்கத்துல உட்கார்ந்து பேசறவங்க குரலே கேக்காதாம். பியானோ வெச்சுக்கலாமா? நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

சரி என்று சொல்லிவிட்டேன். சர்ச் கல்யாணங்களில் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். மண்டபத்து ரிசெப்ஷனுக்குப் பொறுப்பேற்றது இதுதான் முதல் தடவை. மணிக்கட்டு வலியால் இரண்டு மணி நேரம் தொடர்ந்து வாசிக்க இப்போது என்னால் ஆகாது. ஆகவே நான் வாசிக்கவில்லை. ஆளையும் கருவியையும் பாட்டையும் தேர்ந்து கொடுத்தேன். அதற்குப் பிறகு இரண்டு மூன்று குடும்பங்கள் இதே விஷயத்தைக் கேட்டுவிட்டதால், நடந்ததை எழுதிவைக்கிறேன். குடும்பத்தாரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம் என்றார்கள்.

விவரம் இவ்வளவுதான். மண்டபம் அடையாறு பக்கம். ஏ.சி. ஹால், கிரானைட் தரை, மேடைக்குப் பின்னால் எல்.ஈ.டி. திரை, சாப்பாட்டு ஹால் கீழ்த்தளத்தில். முதல் நாள் மாலை ரிசெப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம். எதிர்பார்த்த கூட்டம் 600 பேர். பெண் வீடு மயிலாப்பூர், பிள்ளை வீட்டுக்குக் கும்பகோணம் பூர்வீகம். இசைக்கென்று ஒதுக்கிய பணம், மேடைப் பூ அலங்காரத்துக்குப் பேசியதில் கால்வாசி.

ஆளுக்கொரு ஆசை

முதல் சந்திப்பு அவர்கள் வீட்டில். கல்யாணப் பெண் போனில் 31 பாட்டுகள் சேர்த்து வைத்திருந்தாள். மாப்பிள்ளை வீடியோ காலில் வந்து இன்னும் ஐந்து சேர்த்தார். அமெரிக்காவிலிருந்து வரப்போகும் அத்தைக்கு, பெண் ஹாலுக்குள் நுழையும்போது "அந்த வெட்டிங் மார்ச்" வேண்டும். சம்பந்தி மாமாவுக்குத் தோடி. அப்பாவின் ஆசை பாட்டில் இல்லை, மரத்தில் இருந்தது: வீட்டிலிருக்கும் பழைய அப்ரைட் பியானோவையே, அதாவது பீரோ மாதிரி நிமிர்ந்து நிற்பதையே, மண்டபத்துக்கு எடுத்துப்போக வேண்டும். அவருடைய அப்பா வாங்கிய பியானோ அது.

பாட்டி ஊஞ்சலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் என்னைப் பார்த்து, "ஏம்மா, தாலி கட்டும்போதும் இதைத்தான் வாசிப்பாங்களா?" என்றார்.

அதுதான் சரியான கேள்வி. பாட்டு லிஸ்டை மடித்து வைக்கச் சொன்னேன். பியானோ எந்த நேரத்தில், ஹாலின் எந்த மூலையிலிருந்து கேட்கப்போகிறது என்பது முடிவாகாமல் பாட்டைப் பற்றிப் பேசுவது, இலை போடாமல் பாயசம் பரிமாறுவது மாதிரி.

முகூர்த்தத்தில் பியானோ கிடையாது என்று அங்கேயே சொல்லிவிட்டேன். தாலி ஏறும் நேரத்தில் கெட்டி மேளம் கொட்டுவதே, ஒரு தும்மலோ அழுகையோ அபசகுனமாகக் காதில் விழக்கூடாது என்பதற்காக. அந்த வேலையைத் தவில் செய்யும். பியானோவால் செய்ய முடியாது. இரண்டையும் சேர்த்து வாசிக்கலாமே என்றார் மாப்பிள்ளை. நாதஸ்வரம் இன்று பெரும்பாலும் இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதியில் இருக்கும். ஆனால் அது வாயில் வைத்து ஊதும் சீவாளியும் மூச்சும் சேர்ந்து தீர்மானிக்கிற சுருதி. மேடைக்கு மேடை, வாசிக்க வாசிக்கக் கொஞ்சம் நகரும். பியானோ நகராது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒலித்தால், நாதஸ்வரத்துக்கு ஒரு குறையும் வராது. பியானோதான் சுருதி பிசகியதுபோல் கேட்கும். பாட்டி முகத்தில் நிம்மதி தெரிந்தது.

ரிசெப்ஷனிலும் எல்லா நேரமும் பியானோவுக்கு ஏற்றது அல்ல. மாலை ஆறரைக்கு வருகிறவர்கள் சீக்கிரம் சாப்பிட்டுப் போக நினைக்கும் பெரியவர்களும் தூரத்து உறவினரும். அப்போது ஹால் அமைதியாக இருக்கும். ஏழேகாலுக்கு மேல் மணமக்கள் மேடையேறியதும் வரிசை ஆரம்பிக்கும்; அதிலிருந்து ஒன்பது வரை பேச்சு, சிரிப்பு, வீடியோக்காரரின் அதட்டல். ஆறரையிலிருந்து ஏழேகால் வரை கவனித்துக் கேட்கும் இசை, அதன்பின் அரைமணி இடைவெளிவிட்டுப் பேச்சுக்கு அடியில் ஓடும் இசை என்று இரண்டாகப் பிரித்தோம். பியானோ கலைஞர் அனில் ஸ்ரீனிவாசனும் பாடகர் சிக்கில் குருசரணும் சேர்ந்து கர்நாடகப் பாடல்களைப் பியானோவுடன் மேடையேற்றியதை அப்பா நேரில் கேட்டிருந்தார். அந்த மாதிரி வேண்டும் என்பது அவர் மனசில். அது சபாவில் செல்போனை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்கிற இசை. ரிசெப்ஷனில் அதற்குக் கிடைப்பது அந்த முதல் முக்கால் மணி மட்டும்தான்.

அப்ரைட், கிராண்ட், வெள்ளைக் கூடு

அப்பாவின் பியானோ விஷயம் எளிதாகத் தீரவில்லை. உணர்ச்சி கலந்தது. ஆகவே பியானோவைத் திறந்தே காட்டினேன்.

உள்ளே ஒரு ஜீரோ வாட் பல்பு எரிந்துகொண்டிருந்தது. மழைக்காலத்தில் ஈரம் தங்காமலிருக்கத் தாத்தா காலத்திலிருந்து போடுகிறார்களாம். அந்த பல்புதான் என் வாதத்துக்கு ஆதாரம். ஒரு பியானோவுக்குள் சுமார் 230 கம்பிகள் இருக்கும். எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை பதினைந்து, இருபது டன் வரும். அந்தக் கம்பிகளின் அதிர்வை வாங்கிப் பெரிதாக்குவது பின்னாலிருக்கும் மரப்பலகை. ஈரம் ஏறினால் பலகை உப்பிக் கம்பிகளைத் தள்ளும், சுருதி ஏறும். காய்ந்தால் இறங்கும். பியானோவுக்கு உகந்த ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் என்பார்கள். கார்த்திகை மழையில் சென்னையில் அது 80ஐத் தாண்டுவது சாதாரணம். இந்தப் பியானோவை லாரியில் ஏற்றி, ஏ.சி. போடாத மண்டபத்தில் மத்தியானம் இறக்கி, டியூனர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து 440 ஹெர்ட்ஸ் என்ற பொதுச் சுருதிக்குச் சேர்த்து முடிப்பார். அப்புறம் ஆறு மணிக்கு ஏ.சி.யைப் போடுவார்கள், 600 பேர் உள்ளே வருவார்கள். அவர் செய்த வேலை ஏழரைக்குள் கலையும். இடம் மாறிய பியானோவை ஒன்றிரண்டு வாரம் அந்த இடத்துக்குப் பழகவிட்டுத்தான் டியூன் செய்வது வழக்கம். மண்டபம் நமக்குக் கிடைப்பது ஒன்றரை நாள்.

இது போக எடை. அப்ரைட் 200 கிலோவுக்குக் குறையாது. அவர்கள் வீடு இரண்டாவது மாடி. வளைவான படிக்கட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த அப்பா, அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கிராண்ட் பியானோ வாடகைக்கு எடுப்பதையும் விசாரித்தோம். சின்ன கிராண்டே 250 கிலோவுக்கு மேல். கச்சேரி மேடைக்குரிய ஒன்பதடி கிராண்ட் 480 கிலோவரை போகும். வாடகை, லாரி, ஆட்கூலி, டியூனர் எல்லாம் சேர்த்தால் பூ அலங்காரத்தையே பாதியாகக் குறைக்க வேண்டும். பூவைக் குறைக்க யாரும் தயாரில்லை. இதில் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். அதே ஈரப் பிரச்சினை கிராண்டுக்கும் உண்டு, கூடுதலாக.

முடிவில் டிஜிட்டல் ஸ்டேஜ் பியானோ. 88 கட்டைகளும் முழுசாக, உண்மையான பியானோவின் கனத்தோடு அழுந்துவதாக இருக்க வேண்டும். சொந்த ஸ்பீக்கரும் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டாவது நிபந்தனை எதற்கு என்று அப்பா கேட்டபோது, "வெச்சுக்கலாம், எதுக்காவது ஆகும்" என்றுதான் சொன்னேன். ஆயிற்று. அதைப் பிறகு சொல்கிறேன்.

இங்கேதான் டெக்கரேஷன்காரர் நுழைந்தார். "மேடம், ஸ்டாண்டு மேல கீபோர்டு வெச்சா போட்டோவுல எடுக்காது. நம்மகிட்ட கிராண்ட் பியானோ இருக்கு, வெள்ளை கலர்." இருந்தது கூடு மட்டும். ஃபைபரில் செய்த கிராண்ட் பியானோ வடிவம், நடுவில் கீபோர்டைப் பொருத்த ஒரு பள்ளம். ரிசெப்ஷன்களில் இப்போது நிறைய வைக்கிறார்கள். எனக்குப் பொய்ப்பல் கட்டியது மாதிரித் தோன்றியது. ஆனால் கல்யாணப் பெண்ணுக்குப் பிடித்துவிட்டது. அவள் கல்யாணம். சரி என்றேன். கூட்டின் அளவைக் கேட்காமல் சரி என்றது என் தப்பு.

வாசிக்கிற ஆள்

மூன்று பேரைப் பார்த்தோம். ஒருவர் இசைப்பள்ளியில் முறையாகப் படித்த இளைஞர், கை அபாரம். நோட்டு கொடுத்தால் எதையும் வாசிப்பார், கொடுக்காவிட்டால் தடுமாறுவார். இன்னொருவர் ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசிப்பவர், ஆயிரம் சினிமாப் பாட்டு விரலில் இருக்கிறது. ஆனால் ரிதம் பட்டனைப் போடாமல் அவருக்குக் கை ஓடவில்லை. மூன்றாமவர் வேப்பேரிப் பக்கம் ஒரு சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும் அண்ணன்.

மூவருக்கும் ஒரே சோதனைதான் வைத்தேன். தெரிந்த ஒரு பாட்டை வாசிக்கச் சொல்லி, நடுவில் நான் கையைத் தூக்குவேன். எட்டு தாள மாத்திரைக்குள், வெட்டியது தெரியாமல் முடிக்க வேண்டும். அப்புறம் அதே பாட்டை வேறு சுருதியில். கல்யாண வீட்டில் எந்தப் பாட்டும் அதன் நீளத்துக்கு ஓடாது. பெண் எதிர்பார்த்ததைவிட முன்னால் வந்துவிடுவாள், இல்லையென்றால் நகைக்காகப் பத்து நிமிடம் தாமதிப்பாள். இதைப் படிப்பில் கற்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை காணிக்கைத் தட்டு கடைசி வரிசைக்குப் போய்ச்சேரும் வரை கீதத்தை நீட்டிப் பழகியவருக்கு அது தானாக வரும். ஆர்கன் அண்ணன் இரண்டையும் சிரித்துக்கொண்டே செய்தார். எனக்குச் சர்ச் பக்கம் சாய்வு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சென்னையில் பியானோ இன்றுவரை உயிரோடு இருப்பதில் அந்தப் பக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மவுண்ட் ரோடில் 1842இல் மிஸ்க்வித் என்ற பெயரில் தொடங்கிய கடைதான் இன்றைய மியூசி மியூசிக்கல். அங்கே பியானோ வாங்கியவர்களும், இசைக் கலைஞர் ஹேண்டல் மானுவல் சென்னை வானொலியில் வழங்கிய மேற்கத்திய இசையைக் கேட்டு வளர்ந்தவர்களும் இந்த ஊரில் இரண்டு மூன்று தலைமுறை இருக்கிறார்கள்.

ஒரே சிக்கல் டிசம்பர். மார்கழி பிறப்பதற்கு முன் கடைசி முகூர்த்தங்கள் வரும் அதே வாரங்களில் சர்ச்சில் கேரல் ஒத்திகை. நல்லவேளையாக ரிசெப்ஷன் ஒரு புதன்கிழமை. வெள்ளியோ சனியோ ஆகியிருந்தால் அவர் கிடைத்திருக்கமாட்டார். கார்த்திகைக் கல்யாணத்துக்குச் சர்ச் ஆளைக் கேட்பவர்கள் நாள் குறித்த அன்றே பேசிவிடுவது நல்லது.

31 எப்படி 14 ஆனது

பெண்ணின் லிஸ்டில் ஆறு பாட்டுகள் பிரிவைப் பற்றியவை. ஒன்று சாவு வீட்டில் வரும் பாட்டு, மெட்டு தேன். "வரியே இல்லையே மிஸ், வெறும் மெட்டுதானே" என்றாள். தமிழ்க் காதுக்கு வெறும் மெட்டு என்று ஒன்று கிடையாது. பியானோ மெட்டை வாசிக்கும், கேட்கிறவர் மனசுக்குள் வரி ஓடும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியப்பா முணுமுணுத்துப் பாடவே ஆரம்பித்துவிடுவார், மேடையில் மாலை மாற்றும்போது. ஆறும் போயின.

அடுத்து ராகம். பியானோவில் ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒன்றும் இல்லை. ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் அந்த நடுவெளியில்தான் இருக்கிறது. ஹம்சத்வனி, மோகனம், சங்கராபரணம் மாதிரி ராகங்கள் ஸ்வரங்களை நேராக நிறுத்தினாலும் முகம் காட்டும். தோடியும் சஹானாவும் அசைவில் வாழ்கிறவை. கட்டையை அழுத்தி விட்டால் ஏதோ வேறு ஸ்கேல்போலக் கேட்கும். சம்பந்தி மாமாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று அப்பா தயங்கினார். நான் போனை வாங்கி, "மாமா, டி.என். ராஜரத்தினம் பிள்ளை வாசிச்ச தோடியைக் கேட்ட ஊர்க்காரங்க நீங்க. அதைப் பியானோவுல கேட்டா உங்களுக்கே கோபம் வரும். மறுநாள் காலைல நாயனத்துல கேட்டு வாங்கிக்கோங்க" என்றேன். மனிதர் குளிர்ந்துவிட்டார். நாயனக்காரருக்கு அன்றே போன் போட்டுச் சொல்லிவிட்டாராம்.

அத்தையின் வெட்டிங் மார்ச் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்லலாம், ஏனென்றால் எல்லோரும் கேட்கிறார்கள். அந்தப் பெயரில் இரண்டு உண்டு. பெண் உள்ளே வரும்போது வாசிப்பது ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னருடையது. 1850இல் முதலில் மேடையேறிய 'லோஹென்கிரின்' என்ற ஆபராவில் வருவது. கதையில் அது கல்யாணம் முடிந்தபின் மணமக்களை அறைக்கு அழைத்துப் போகும்போது பாடுவது. மறுநாளே அந்த ஜோடி பிரிந்தும் விடுகிறது. தம்பதியாக வெளியே வரும்போது வாசிப்பது மெண்டல்சன் ஒரு ஷேக்ஸ்பியர் நாடகத்துக்காக 1842இல் எழுதியது. விக்டோரியா ராணியின் மூத்த மகள் கல்யாணத்தில் 1858இல் வாசித்த பிறகுதான் ஊரெல்லாம் பரவியது. இதைச் சொன்னதும் அத்தை, "ஐயோ, பிரிஞ்சுடறாங்களா? அப்ப வேண்டாம்" என்றார். ஆனால் பெண் வரும்போது கம்பீரமாக, கொஞ்சம் இங்கிலீஷ் வாசனையோடு ஏதாவது வேண்டும் என்பதில் மட்டும் இறங்கவில்லை.

அதற்கு முத்துசுவாமி தீட்சிதர் இருக்கிறார். இளமையில் மணலியில் இருந்தபோது செயின்ட் ஜார்ஜ் கோட்டை பாண்டு வாத்தியத்தைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்குச் சம்ஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். நோட்டு ஸ்வரம் என்று பெயர். நாற்பதுக்குப் பக்கம் இருக்கிறது, எல்லாம் சங்கராபரண ஸ்வரங்களில். இங்கிலீஷ் பாண்டு மெட்டு, மதராஸில் பிறந்த சாகித்யம், கமகம் கேட்காத இசை. பியானோவுக்கு இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்? 'சந்ததம் பாஹிமாம்' நல்ல கம்பீரம்தான், ஆனால் அது பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டு. ராணுவத்தில் இருந்த ஒரு தாத்தா எழுந்து நின்றுவிடுவார் என்று பயந்து விட்டுவிட்டோம். பெண் நுழைவதற்கு 'சக்தி சஹித கணபதிம்'. குழந்தைகள் பூத்தட்டோடு முன்னால் வருவதற்கு 'சியாமளே மீனாக்ஷி'. இது நர்சரிப் பிள்ளைகள் பாடும் நட்சத்திரப் பாட்டின் மெட்டேதான். அத்தைக்கும் பாட்டிக்கும் ஒரே சமயத்தில் திருப்தி வந்த ஒரே தீர்மானம் இது.

மாப்பிள்ளையின் ஐந்தில் மூன்று தேறின. கூட்டிக் கழித்து 14. ஒவ்வொன்றும் மூன்று நான்கு நிமிடம், தேவைப்பட்டால் இருமுறை. யாரும் கவனிக்கமாட்டார்கள்.

இதற்கிடையில் மண்டப மேலாளர், சினிமாப் பாட்டு வாசிப்பதென்றால் உரிமம் வாங்கிய கடிதம் வேண்டும் என்று ஒரு குண்டு போட்டார். காப்புரிமைச் சட்டம் 1957, 52ஆவது பிரிவில் மதச் சடங்குகளுக்கான விலக்கு இருக்கிறது. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களும் அதில் அடங்கும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசின் துறையும் இதை அறிவிப்பாக வெளியிட்டது. அதை அச்செடுத்துக் கொடுத்ததும் விட்டுவிட்டார்.

நாலரைக் கட்டை

பாட்டி எதுவுமே கேட்கவில்லை என்பது எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது. ஒத்திகைக்காக ஒருநாள் வீட்டுக்குப் போயிருந்தபோது பியானோவின் பக்கத்தில் வந்து நின்றார். "எங்க வீட்ல ஆர்மோனியம் இருந்தது. அஞ்சு கட்டைல பாடுவேன். இப்ப முடியறதில்லை."

கட்டை என்ற சொல்லே அந்த ஆர்மோனியத்தின் கட்டைதான். முதல் வெள்ளைக் கட்டை, மேற்கத்தியக் கணக்கில் சி, ஒரு கட்டை. அடுத்த கறுப்பு ஒன்றரை. அப்படியே எண்ணிக்கொண்டு போனால் எஃப் நாலு, ஜி ஐந்து, நடுவிலிருக்கும் கறுப்பு நாலரை. பியானோவில் அதே வரிசைதான், 88 வரை. பாட்டி தானாகவே ஒரு விரலால் சுருதி தேடி நாலரையில் நின்று, தன் அம்மா பாடிய ஒரு லாலிப் பாட்டை இரண்டு வரி பாடினார். மெட்டு மோகனச் சாயல்.

பேத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நாலரைக்கு மேற்கத்தியப் பெயர் எஃப் ஷார்ப். அது என்றால் மாணவர்களுக்கு வயிற்றைக் கலக்கும்; ஆறு ஷார்ப். இவளும் ஸ்டேஜ் பியானோவில் சுருதியை மாற்றித்தரும் டிரான்ஸ்போஸ் பட்டனைப் பற்றிக் கேட்க வாயெடுத்தாள். கறுப்பை மட்டும் தொடு என்றேன். மோகனத்தை நாலரைக் கட்டையில் வைத்தால் ஸ, ரி, க, ப, த ஐந்தும் ஐந்து கறுப்புக் கட்டைகளில் விழும். வெள்ளையைத் தொடவே வேண்டாம். தப்பு ஸ்வரம் வர வழியில்லை. இருபது வருஷம் பாடம் நடத்தியும் இதை நான் எந்த மாணவிக்கும் இப்படிச் சொல்லிக்கொடுத்ததில்லை. அவள் மூன்றாம் முறையே பாட்டிக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

அந்த லாலியை 6.40க்கு வைத்தோம்.

அன்றைய மாலை

நாலு மணிக்கு மண்டபத்துக்குப் போனேன். வெள்ளைக் கூடு மேடைக்குப் பக்கத்தில் மின்னியது. எங்கள் பியானோ 132 சென்டிமீட்டர் நீளம். கூட்டின் பள்ளம் 61 கட்டை கீபோர்டுக்காகச் செய்தது, ஒரு மீட்டர்கூட இல்லை. "ரெண்டு பக்கமும் கொஞ்சம் அறுத்துடலாமா மேடம்?" என்றார் டெக்கரேஷன்காரர். கூட்டையா, பியானோவையா என்று கேட்டேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் கூட்டை வாசலுக்கு நகர்த்தி மேலே பூ வைத்தார்கள். அன்றிரவு குழந்தைகள் அதிகம் போட்டோ எடுத்துக்கொண்ட இடம் அதுதான். பியானோவுக்குச் சாதாரண ஸ்டாண்டு, அதன்மேல் ஒரு காஞ்சிபுரம் பட்டுத்துணி. நன்றாகவே இருந்தது.

சவுண்டுக்காரர் நல்ல பையன், ஆனால் லைட் மியூசிக்குக்குப் பழகியவர். கிரானைட் தரையும் உயர்ந்த கூரையும் ஏற்கெனவே எதிரொலிக்கும் ஹாலில் அவர் எக்கோவும் சேர்த்து, பேஸை ஏற்றிவிட்டார். பியானோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது. எக்கோவைச் சுத்தமாக எடுக்கச் சொன்னேன். ஸ்டீரியோ இரண்டு வயரையும் ஒரே சேனலில் குத்தியிருந்தார். அப்படிச் செய்தால் பியானோ ஒலியின் நடுப்பகுதி மெலிந்துபோகும். மோனோ என்று எழுதியிருக்கும் ஒற்றை வாயிலிருந்து எடுத்தால் சரியாகும். மேடையிலிருந்து இரண்டு பெரிய ஸ்பீக்கர் உரக்க அடிப்பதற்குப் பதில் நான்கு சின்ன ஸ்பீக்கர்களைச் சுவரோரம் பிரித்து, தாழ்வாக வைத்தோம். பெடல் கார்பெட்டில் வழுக்கிக்கொண்டு போகாமல் இருபக்க டேப் போட்டு ஒட்டினோம். இதற்கே ஐந்தேகால்.

கரண்ட் போய் ஜெனரேட்டர் ஏறும் இடைவெளியைச் சோதிக்கச் சொன்னேன். நாலைந்து வினாடி. மனிதர்களுக்கு அது கண் சிமிட்டும் நேரம். டிஜிட்டல் பியானோவுக்கு அணைந்து, மறுபடி உயிர்பெற்று, வைத்திருந்த ஒலியையெல்லாம் மறந்து நிற்கும் நேரம். மாப்பிள்ளையின் மாமா தன் ஆபீஸ் கம்ப்யூட்டரின் யு.பி.எஸ்.ஸை ஆட்டோவில் வரவழைத்துக் கொடுத்தார்.

6.40க்குப் பாட்டியை மைக்கின் முன் நாற்காலியில் உட்காரவைத்தோம். ஹாலில் நூறு பேர் இருந்திருப்பார்கள். பெண்ணின் கையில் கண்ணாடி வளையல் முழங்கை வரை. முதல் வரியிலேயே கட்டையில் மோதிக் கலகலவென்றது. கழற்றக் கூடாது. மேலே தள்ளிக்கொண்டு வாசித்தாள். பாட்டி இரண்டாவது சரணத்தில் வரி மறந்துவிட்டார். பேத்தி அதே அடியைத் திரும்ப வாசித்துக்கொண்டே காத்திருந்தாள், ஆர்கன் அண்ணன் சோதனையில் செய்ததுபோல. பாட்டிக்கு ஞாபகம் வந்தது. மூன்று நிமிடம்தான் மொத்தமும். சம்பந்தி மாமா முன்னால் வந்து, "நம்ம பாட்டு மாதிரியே இருக்கே" என்றார். அது நம்ம பாட்டுதான் மாமா என்றேன்.

பெண் நுழைந்ததும் குழந்தைகள் பூத்தட்டோடு வந்ததும் திட்டப்படி. ஒரு குட்டிப் பெண் தட்டைக் கீழே வைத்துவிட்டு, மெட்டைக் கண்டுபிடித்து, நர்சரி வரிகளை உரக்கப் பாடியது. அத்தை கைதட்டினார்.

8.05க்குக் கரண்ட் போயிற்று. விளக்கு, ஏ.சி., திரை, சுவரோர ஸ்பீக்கர்கள் எல்லாம் ஒரே அடியில். யு.பி.எஸ். பியானோவை மட்டும் தாங்கியது. அண்ணன் நிறுத்தவில்லை. பியானோவின் சொந்த ஸ்பீக்கரிலிருந்து, ஒரு வீட்டுக் கூடத்தில் கேட்கிற அளவுக்கு, பாட்டு தொடர்ந்தது. ஏ.சி. இரைச்சலும் போய்விட்டதால் ஹாலின் பாதிவரை அது கேட்டது. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு மணி நேரமாக வாசித்துக்கொண்டிருந்தவரை அப்போதுதான் பார்த்தார்கள்.

அதோடு நின்றிருந்தால் கதைக்கு அழகாக இருந்திருக்கும். ஆனால் சவுண்டுக்காரர் பதற்றத்தில் மிக்ஸரில் எல்லாவற்றையும் மேலே தள்ளிவைத்திருந்தார். ஜெனரேட்டர் ஏறியதும் ஒரு "டொம்", அப்புறம் பியானோ இரண்டு மடங்கு சத்தத்தில். மேடைக்குப் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தை வீறிட்டது; அதன் அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க முயன்றுகொண்டிருக்கிறேன்.

நான் விட்டவை

எட்டரைக்கு ஹால் பாதி காலி. எல்லோரும் கீழே பந்தியில். வயிறு நிறைந்து, அவசரமில்லாமல் மக்கள் உட்கார்ந்திருக்கும் இடம் அது. இசையைக் கேட்கத் தோதானது. அங்கே ஒரு ஸ்பீக்கர்கூட வைக்கவில்லை. நேரத்தை முதலில் பார் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, அந்த நேரத்தில் ஆட்கள் எங்கே இருப்பார்கள் என்பதை நான் பார்க்கவில்லை. ஒரு வயரும் இரண்டு சின்ன ஸ்பீக்கரும் போதுமாக இருந்திருக்கும்.

பியானோவை மேடையின் இடதுபக்கம் வைத்ததும் சரியில்லை. வாழ்த்துச் சொல்ல நிற்கும் வரிசை அந்தப் பக்கம்தான். பெண் மேடையிலிருந்து அண்ணனுக்குக் கண்ஜாடை காட்டுவதாக ஏற்பாடு; இடையில் நின்றவர்களால் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. வலதுபக்கம் வைத்திருக்க வேண்டும், அல்லது ஜாடைக்கு ஒரு பையனை நிறுத்தியிருக்க வேண்டும்.

இன்னொன்று. அண்ணன் 9.15க்கு முடித்துவிட்டுக் கீழே போனபோது கடைசிப் பந்தியும் எழுந்துகொண்டிருந்தது. சாம்பார் சாதம் கிடைத்தது, ஐஸ்கிரீம் தீர்ந்துவிட்டது. இடைவெளி விட்ட அந்த அரைமணியிலேயே அவரைச் சாப்பிட அனுப்பியிருக்கலாம். வாசிக்கிறவரின் இலையையும் நேர அட்டவணையில் எழுதிவிடுங்கள்.

கல்யாணம் முடிந்த மறுவாரம் அப்பா போன் செய்தார். பெண் மாப்பிள்ளையோடு பெங்களூரு போய்விட்டாள். பாட்டி தினமும் சாயங்காலம் அப்ரைட்டைத் திறந்து கறுப்புக் கட்டைகளைத் தொட்டுப் பார்க்கிறாராம். அதில் ஒன்று அழுத்தினால் எழும்புவதில்லையாம். டியூனரை உடனே அனுப்ப முடியுமா என்றார். ஒட்டிக்கொண்ட கட்டையை மட்டும் இப்போது சரிபார்க்கச் சொல்லலாம். சுருதி சேர்ப்பதைத் தை பிறந்து காற்று காய்ந்த பிறகு வைத்துக்கொள்ளலாம், இந்த ஈரத்தில் சேர்த்தால் பிப்ரவரியில் இறங்கிவிடும் என்றேன். அதுவரை பல்பு எரியட்டும்.